கல் சொல்லும் காலம் – 9: பகைவர் இருவருக்கும் ஒரே கல்

சுனார் மலையில் வெட்டியெடுத்த மணற்கல், அசோகரின் தூண்களாகிக் கங்கைச் சமவெளியெங்கும் நின்றதைக் கடந்த இதழில் பார்த்தோம். அந்தத் தூண்களுக்குச் சுமார் 800 ஆண்டுகளுக்குப் பிறகு, மணற்கல்லின் கதை தக்காணத்துக்கு வருகிறது. இந்த முறை அதன் களம் இரண்டு ஊர்கள். ஒன்று, மலப்பிரபா ஆற்றுப் பள்ளத்தாக்கில், இன்றைய கர்நாடகத்தின் பாகல்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் பாதாமி. அன்றைய பெயர் வாதாபி. மற்றொன்று, நம் காஞ்சிபுரம்.

இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொன்னாலே தமிழ் வாசகர்களுக்குப் போர்தான் நினைவுக்கு வரும். புலிகேசி காஞ்சிக்கு வந்தான். நரசிம்மவர்மன் வாதாபியை எரித்தான். பள்ளிப் பாடத்திலும் கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்திலும் படித்து நம் மனத்தில் ஊறிய வரலாறு அது. சாளுக்கியரும் பல்லவரும் தலைமுறை தலைமுறையாக மோதிக்கொண்டது உண்மை. அதே ஆண்டுகளில் அந்த இரு நாடுகளின் கல்தச்சர்களும் ஒரே வகைக் கல்லில் ஒருவரின் வேலையை மற்றவர் பார்த்து, எடுத்து, மாற்றி, மேம்படுத்திக் கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை. படைகள் போன வழியிலேயே கலையும் போய்வந்தது. அதற்கு இடம் கொடுத்தது மணற்கல். இந்த அத்தியாயம் அந்தக் கொடுக்கல் வாங்கலைப் பற்றியது.

வாதாபியின் செம்பாறை

பாதாமியில் இறங்கியதும் கண்ணில் படுவது அகத்திய தீர்த்தம் என்னும் பெரிய ஏரியும், அதன் இருபுறமும் செங்குத்தாக எழும் செம்பாறைகளும்தான். இந்தப் பாறைகள் காலாட்கி வடிநிலம் என்று நிலவியலார் அழைக்கும் பகுதியைச் சேர்ந்தவை. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன், நிலத்தில் மரமோ விலங்கோ தோன்றாத காலத்தில், நீர் கொண்டுவந்து சேர்த்த மணல் படிந்து படிந்து இறுகியது. மணிகளை ஒட்டவைத்தது சிலிக்கா. அவற்றுக்குச் சிவப்பு ஏற்றியது இரும்பு ஆக்சைடு. பாறையைக் கிட்டே போய்ப் பார்த்தால், அந்தப் பழைய நீரோட்டம் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடியது என்பதைக் காட்டும் சாய்ந்த வரிகள் இன்றும் தெரிகின்றன.

கல்தச்சனுக்கு இந்தப் பிறப்புக் கதையில் ஒரு செய்தி இருக்கிறது. கருங்கல்லில் குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் உருகிக் குளிர்ந்தபோது ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டவை. அங்கே உளி பட்டால் பொடிதான் தெறிக்கும். மணற்கல்லில் மணிகள் தனித்தனியே இருக்கின்றன. நடுவில் இருப்பது பசை மட்டும்தான். கூர்மையான உளி அந்தப் பசையை அறுத்துக்கொண்டு போகும். எந்தத் திசையிலும் செதுக்கலாம். விரல் நகத்தையும் முத்துச் சரத்தையும் தனித்தனியே காட்டலாம். புதிதாக வெட்டிய மணற்கல்லின் நுண்துளைகளில் நிலத்தடி ஈரமும் இருக்கும். அந்த ஈரம் இருக்கும்வரை கல் இன்னும் இளக்கமாக இருக்கும். காய்ந்த பிறகு, ஈரத்தில் கரைந்திருந்த தாதுக்கள் மேற்பரப்புக்கு வந்து படிந்து, கல்லுக்கு ஒரு கெட்டியான தோலைக் கொடுக்கும்.

இன்னொரு வசதியும் உண்டு. மணற்கல் படுகை படுகையாக அமைந்தது. ஓலைச்சுவடியில் ஏடுகள் அடுக்கியிருப்பதுபோல், படுகைகளுக்கு நடுவே இயல்பான பிரிவுகள் இருக்கும். அங்கே ஆப்பு வைத்தால் பலகை போலக் கிளம்பிவரும். குகையைக் குடையும்போது அதே பிரிவு தட்டையான விதானமாகக் கிடைக்கும். உத்தரம், கூரைப் பலகை, தூண் என்று நீளமான உறுப்புகளுக்கு இதைவிடத் தோதான கல் கிடையாது.

முதலாம் புலிகேசி இந்த மலையில் கோட்டை கட்டியது கி.பி. 543-இல். சக ஆண்டு 465 என்று தேதி பொறித்த அவனுடைய கல்வெட்டு இங்குள்ள பாறையிலேயே இருக்கிறது. எதிரியைத் தடுக்கத் தேர்ந்தெடுத்த பாறை, அடுத்த தலைமுறையில் சிற்பிகளின் பள்ளிக்கூடமாயிற்று.

குடைந்து கற்ற பாடம்

பாதாமியின் தென்பாறையில் நான்கு குகைக் கோயில்கள் படிப்படியாக மேலேறி அமைந்திருக்கின்றன. முதலாவது சிவனுக்கு, இரண்டாவதும் மூன்றாவதும் திருமாலுக்கு, நான்காவது சமணத் தீர்த்தங்கரர்களுக்கு. இவற்றில் மூன்றாவது குகைக்கு மட்டும் திட்டவட்டமான தேதி உண்டு. சக ஆண்டு 500, கார்த்திகை முழுநிலவு நாள், அதாவது கி.பி. 578. மன்னன் கீர்த்திவர்மனின் தம்பி மங்களேசன் இதைச் செய்வித்து, திருமாலை எழுந்தருளச் செய்து, கோயில் செலவுக்கு ஓர் ஊரின் வருவாயையும் எழுதிவைத்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. தென்னிந்தியக் கலை வரலாற்றில் தேதி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் பெரிய படைப்புகள் அந்தக் காலத்துக்கு மிகச் சிலவே. ஆகவே மற்றக் கோயில்களின் காலத்தைக் கணிக்க ஆய்வாளர்கள் இந்தக் குகையைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள்.

முகமண்டபத்தின் ஒரு கோடியில் ஆதிசேடன் மேல் அமர்ந்த திருமால். மற்றச் சுவர்களில் வராகர், நின்ற கோல நரசிம்மர், உலகளந்த பெருமாள், அரியரர். ஒவ்வொன்றும் ஆளை மிஞ்சிய அளவு. இவற்றைப் பார்த்து வியந்துவிட்டு வெளியே வருகிறவர்கள் தலைக்கு மேலே இருப்பதைத் தவறவிடுவது உண்டு. தூண்களுக்கும் உத்தரத்துக்கும் நடுவே, தாங்குகட்டைகளாகச் செதுக்கிய காதலர் இணைகள் நிற்கிறார்கள். மரத்தின் கீழ் சாய்ந்து, தோளில் கை போட்டு, சற்றே கூனி. மரவேலையில் தச்சன் செய்யும் தாங்குகட்டையைக் கல்லில் செய்யும்போது, அதன் வளைவு மனித உடலின் வளைவாக மாறிவிட்டது. மணற்கல்லின் இளக்கம் இல்லாமல் 578-இல் இந்தத் துணிச்சல் வந்திருக்காது.

இந்தக் குகைகளை நாம் இன்று பார்க்கும் செங்கல் நிறத்தில் அன்று யாரும் பார்க்கவில்லை. சிற்பங்களின் மேல் மெல்லிய சுண்ணப் பூச்சு. அதன் மேல் வண்ணம். மூன்றாவது குகையின் விதான வளைவுகளில் சுவரோவியத்தின் எச்சங்கள் இன்னும் தங்கியிருக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காஞ்சியில் இது நமக்குத் தேவைப்படும்.

அடுக்கிக் கற்ற பாடம்

குடைவது ஒரு கலை. கல்லை வெட்டிக் கொண்டுவந்து அடுக்கிக் கட்டுவது வேறொரு கலை. சாளுக்கியர் இரண்டாவதைப் பழகிய இடம், அதே மலப்பிரபா பள்ளத்தாக்கில் இருக்கும் ஐகொளெ. லாட்கான் கோயில், கஜப்பிருஷ்ட வடிவில் பின்புறம் வளைந்த துர்கா கோயில் என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத வடிவங்கள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எது நிற்கும், எது அழகு என்று கட்டியே சோதித்த ஊர் அது.

ஐகொளெக் குன்றின் மேல் இருக்கும் மேகுடி சமணக் கோயிலில், சக ஆண்டு 556, அதாவது கி.பி. 634–35 தேதியிட்ட புகழ்பெற்ற கல்வெட்டு இருக்கிறது. எழுதியவர் ரவிகீர்த்தி. தம்மைக் காளிதாசனுக்கும் பாரவிக்கும் நிகரான கவிஞர் என்று அதில் அவர் கூறிக்கொள்கிறார். காளிதாசனின் காலத்தைக் கணிக்க இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பிடித்துக்கொள்ளும் கொழுகொம்புகளில் இந்த வரியும் ஒன்று. இரண்டாம் புலிகேசி ஹர்ஷரை வென்றதும், பல்லவ மன்னனைக் காஞ்சிக் கோட்டைச் சுவருக்குள் ஒதுங்கச் செய்ததும் இதே கல்வெட்டில் வருகின்றன. நம் போர்க் கதையின் முதல் ஆவணம் ஒரு மணற்கல் சுவரில் இருக்கிறது.

ஐகொளெயில் இன்னொரு சிறு கல்வெட்டும் உண்டு. வீடும் கோயிலும் கட்டுவதில் நாவலந்தீவிலேயே நரசொப்பனுக்கு இணையானவன் முன்னும் இல்லை, பின்னும் வரப்போவதில்லை என்கிறது அது. நரசொப்பன் மன்னன் கிடையாது, கட்டடக் கலைஞன். கைவினைஞனின் பெயரும் பெருமையும் கல்லில் ஏறுவது சாளுக்கிய நாட்டில் அடிக்கடி நடக்கிறது. இந்தப் பழக்கம், பின்னால் நாம் பார்க்கப்போகும் பட்டடக்கல்லில் பெரிதாகப் பயன் தரப்போகிறது.

642: பாறையில் பதிந்த பகை

பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தில் தொடங்கிய பகைக்கு, அவன் மகன் நரசிம்மவர்மன் மாமல்லன் 642-இல் பதில் சொன்னான். பல்லவப் படை வாதாபியைக் கைப்பற்றியது. பாதாமி ஊருக்குள் ஒரு பாறையில் அவனது பதின்மூன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. மிகவும் சிதைந்த நிலையிலும், பல்லவ மன்னனின் பெயரும் வாதாபி என்ற ஊர்ப்பெயரும் அதில் கிடைக்கின்றன. ‘வாதாபி கொண்டான்’ என்ற பட்டத்துக்கு எதிரியின் மண்ணிலேயே கிடைத்த சான்று அது. சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் வாதாபி பல்லவர் கையில் இருந்தது. பிறகு இரண்டாம் புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் அதை மீட்டான், கி.பி. 674-இல் அவன் படை காவிரிக்கரை உறையூர்வரை வந்து பாசறை அமைத்தது.

பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு தலைநகரில் தங்கியவர்கள் அங்கே இருப்பதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. வாதாபியில் அப்போது குகைகள் இருந்தன. பாறை உச்சியில் கல் அடுக்கிக் கட்டிய சிவாலயங்களும் ஏழாம் நூற்றாண்டில் எழத் தொடங்கியிருந்தன. நான்கு பக்கமும் அரைத்தூண்கள், மேலே தளம், உச்சியில் எண்பட்டைச் சிகரம் என்று, நாம் திராவிட விமானம் என்று சொல்லும் வடிவம் அங்குள்ள மலகித்தி சிவாலயத்தில் முழுமையாகவே இருக்கிறது.

கருங்கல் நாட்டில் மணற்கல்

பல்லவர்களின் கல் வேறு. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் குடைவரையில் அறிவித்தபோது, அவன் எதிரே இருந்தது கடினமான கருங்கல் பாறை. மாமல்லபுரத்தின் ஒற்றைக்கல் ரதங்களும் அதே இனக் கல்தான். அந்தப் பாறையில் வேலை மெதுவாகத்தான் நடக்கும். மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஒரு பாறையில் கைவினைஞர்களின் பெயர்கள் பொறித்திருக்கின்றன. கேவாத பெருந்தச்சன் என்ற பெயரோடு கொல்லன் சேமகன் என்ற பெயரும் அங்கே இருக்கிறது. கல்வேலை நடக்கும் இடத்தில் கொல்லனுக்கு என்ன வேலை? உளி தீட்டுவது. கருங்கல்லில் உளி முனை சீக்கிரமே மழுங்கும். பக்கத்திலேயே உலை எரிந்துகொண்டிருக்க வேண்டும். அந்தப் பாறையில் கொல்லனுக்கும் தச்சனோடு சமமாக இடம் கிடைத்ததற்குக் காரணம் கருங்கல்லின் கடினம்.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இரண்டாம் நரசிம்மவர்மன் என்ற இராஜசிம்மன் காஞ்சியில் ஒரு பெரிய கற்றளி எழுப்ப நினைத்தபோது, கல்லை மாற்றினான். காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர், சத்தியவேடு வட்டாரத்தின் நிலத்தடியில், டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் படிந்த மணற்கல் அடுக்குகள் உண்டு. பாதாமிக் கல்லோடு ஒப்பிட்டால் இது மிகவும் இளையது, பிடிப்பும் குறைவு. ஆனால் உளிக்கு இணங்கும். கயிலாசநாதர் கோயில் எழுந்தது இந்த இனக் கல்லில்தான்.

இராஜசிம்மனின் கல்தச்சர்கள் மணற்கல்லின் குறையையும் அறிந்திருந்தார்கள். கோயிலின் அடித்தளத்தில், விமானத்தின் பளு வந்து இறங்கும் வரிசைகளில் கருங்கல்லை வைத்தார்கள். நிலத்து ஈரமும் பளுவும் தாக்கும் இடத்தில் கருங்கல். சிற்பம் வேண்டிய இடத்தில் மணற்கல். ஒரே கட்டடத்துக்குள் இரண்டு கற்களுக்கும் அதனதன் வேலையைப் பிரித்துக் கொடுத்த இந்தத் தெளிவு, பல்லவக் கட்டடக் கலையின் பெரிய சாதனைகளில் ஒன்று. கருவறையில் பதினாறு பட்டை இலிங்கமும் மெருகேறிய கருநிறக் கடினக் கல்லில்தான் இருக்கிறது.

கல் இணங்கியதும் சிற்பிகளின் கை என்ன செய்தது என்பதைக் கயிலாசநாதர் திருச்சுற்றில் காணலாம். சுற்றுமதிலின் உட்புறம் முழுவதும் 58 சிற்றாலயங்கள். ஒவ்வொன்றும் தனக்கென்று தளமும் சிகரமும் கொண்ட ஒரு சிறு விமானம். உள்ளே சோமாஸ்கந்தர், கங்காதரர், பிட்சாடனர், ஆடவல்லான், திரிபுரம் எரித்தவர் என்று சிவனின் வடிவங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அரைத்தூண்களில் எல்லாம் பின்னங்காலில் நிமிர்ந்து பாயும் சிங்கங்கள். சிற்றாலயங்களின் அடிப்பகுதியில் இராஜசிம்மனின் பட்டப்பெயர்கள், இருநூறுக்கும் மேல், பலவகை எழுத்துகளில். மாமல்லபுரத்துக் கருங்கல்லில் இத்தனை சிற்பத்தை ஒரே ஆட்சிக்காலத்தில் முடிக்க நினைப்பது வீண். இங்கே அது நடந்தது. கோயிலுக்கு முன்னால் வரிசையாக நிற்கும் சிறு ஆலயங்களில் ஒன்றை அரசி ரங்கபதாகை எடுத்தாள். இராஜசிம்மனின் மகன் மூன்றாம் மகேந்திரவர்மன் தன் பெயரில் ஒரு சன்னதியைச் சேர்த்தான்.

பாதாமியைப் போலவே இங்கும் கல் வெறுமையாக விடப்படவில்லை. சுண்ணச் சுதை பூசி, வண்ணம் தீட்டினார்கள். அந்த ஓவியங்கள் நெடுங்காலம் மேற்பூச்சுகளுக்கு அடியில் மறைந்து கிடந்தன. 1931-இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் அவற்றைக் கண்டறிந்து வெளியுலகுக்குச் சொன்னார். சிற்றாலயங்களின் உட்சுவர்களில் இன்று துண்டு துண்டாகத் தெரியும் அந்த முகங்களைப் பார்த்தால், கோயில் முழுவதும் ஒருகாலத்தில் எப்படி ஒளிர்ந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

காஞ்சியில் இந்தக் கல் ஒரு கோயிலோடு நிற்கவில்லை. முக்தீசுவரர், மதங்கேசுவரர், ஐராவதேசுவரர், பிறவாதீசுவரர், திரிபுராந்தகேசுவரர் என்று சிறிய மணற்கல் கோயில்கள் ஊர் முழுவதும் எழுந்தன. இரண்டாம் நந்திவர்மன் கட்டிய வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்று மாளிகையில், பல்லவ மரபின் வரலாற்றையே வரிசைச் சிற்பங்களாகச் செதுக்கி வைத்தார்கள். ஓர் அரசகுலம் தன் வரலாற்றை இப்படித் தொடர் சிற்பமாகச் சொன்னது தமிழ்நாட்டில் வேறெங்கும் கிடையாது.

எதிரி எழுதிய தூண்

இப்போது கதையின் மையத்துக்கு வருகிறோம். 733-இல் சாளுக்கிய அரியணை ஏறியவன் இரண்டாம் விக்கிரமாதித்தன். காஞ்சியின் மேல் மூன்று முறை வெற்றி கொண்டவன் என்று சாளுக்கியக் கல்வெட்டுகள் அவனைப் போற்றுகின்றன. நூறாண்டுக்கு முன் வாதாபி அழிந்த நினைவு அந்தக் குலத்தை விட்டுப் போயிருக்காது. காஞ்சிக்குள் நுழைந்த மன்னன் அதற்குப் பழிவாங்குவான் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள்.

அவன் என்ன செய்தான் என்பது கயிலாசநாதர் கோயில் முன்மண்டபத்தில் ஒரு தூணின் பின்புறத்தில், பழங்கன்னடத்தில் எழுதியிருக்கிறது. இராஜசிம்மேசுவரம் என்று அன்று அழைக்கப்பட்ட அந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்வையிட்டு, அதை அந்த இறைவனுக்கே திரும்பக் கொடுத்தான். இந்த அறத்தை அழிப்பவர்கள், காஞ்சிக் கடிகையின் சபையோரைக் கொன்றவர்கள் போகும் உலகத்துக்குப் போவார்கள் என்று ஓம்படைக்கிளவியும் சேர்த்தான். கடிகை என்பது காஞ்சியின் உயர்கல்விச் சபை. பகைவன் ஊரின் கல்விச் சபையைக் கொல்வதையே பெரும் பாவத்துக்கு எடுத்துக்காட்டாக வைக்கிறான் வென்றவன். அவன் மகன் இரண்டாம் கீர்த்திவர்மனின் கேந்தூர்ச் செப்பேடும் இதையே உறுதிசெய்கிறது. காஞ்சியை அழிக்காமல் நுழைந்தான் என்றும், இராஜசிம்மேசுவரம் முதலிய கற்கோயில்களுக்குப் பொன் வழங்கினான் என்றும் அது பேசுகிறது.

ஒரு கோயிலின் அழகு ஒரு நகரத்தைக் காத்தது என்று சொல்லிவிட ஆசை எழும். கல்வெட்டு அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் அந்த மன்னன் அங்கே நின்றான், பார்த்தான், பறிக்காமல் கொடுத்தான், அதைத் தன் மொழியில் அந்தக் கல்லிலேயே எழுதவும் செய்தான். தமிழ்நாட்டில் ஒரு கன்னடக் கல்வெட்டு இந்தச் செய்தியோடு இருப்பது, இரு மொழியினரும் ஒன்றாகக் காக்க வேண்டிய சொத்து.

பட்டடக்கல்: காஞ்சிக்கு மலப்பிரபாவின் மறுமொழி

விக்கிரமாதித்தனின் பட்டத்தரசி லோகமகாதேவி, கணவனின் காஞ்சி வெற்றிகளைக் குறிக்க, சாளுக்கியர் முடிசூடும் ஊரான பட்டடக்கல்லில் ஒரு கோயில் எடுத்தாள். லோகேசுவரம் என்பது அன்றைய பெயர். இன்று விருபாட்சர் கோயில். அவள் தங்கை திரைலோக்கியமகாதேவியும் அதே மன்னனின் அரசி. அவள் பக்கத்திலேயே எடுத்த திரைலோக்கியேசுவரம் இன்று மல்லிகார்ச்சுனர் கோயில். இரண்டும் சுமார் 740-ஐ ஒட்டியவை. இந்த ஊரின் மிகப் பெரிய கோயில்களைக் கட்டியவர்கள் இரண்டு பெண்கள் என்பதை நம் பாடநூல்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

கயிலாசநாதரைப் பார்த்த கண்ணோடு விருபாட்சரைப் பார்ப்பவருக்கு உறவு உடனே புலப்படும். வாயில் கோபுரத்தோடு கூடிய சுற்றுமதில், மதிலின் உட்புறம் சிற்றாலய வரிசை, எதிரே நந்தி, கருவறை மேல் தளம் தளமாக ஏறும் விமானம், ஒவ்வொரு தளத்திலும் கூடம், சாலை என்னும் சிற்றாலய வடிவங்கள். இவையெல்லாம் காஞ்சியின் ஏற்பாடு. ஆனால் நகல் எடுத்தவர்கள் என்று சொன்னால் அது பெரும் பிழை. கருவறையைச் சுற்றி உள்ளேயே வலம்வரும் பாதை அமைத்தார்கள். அதற்கு வெளிச்சம் தரக் கல்லிலேயே சாளரங்கள், ஒவ்வொன்றும் ஒரு வடிவம். விமானத்தின் முன்முகத்தில் சுகநாசி என்னும் நீட்சியைச் சேர்த்தார்கள். அது திராவிட வடிவத்துக்குத் தக்காணம் கொடுத்த கொடை. காஞ்சிச் சுவர்களை ஆளும் பாயும் சிங்கங்களை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. சுவரில் தேவகோட்டங்களுக்கும் சாளரங்களுக்கும் மூச்சுவிட இடம் கொடுத்தார்கள். மண்டபத் தூண்களில் இராமாயணமும் பாரதமும் சிறு சிறு பட்டைகளாக ஓடுகின்றன. ஒரு தூணில் சீதையைக் கவர்ந்து செல்லும் இராவணனின் வழியைச் சடாயு மறிக்கிறான்.

சுற்றுமதிலில் காஞ்சியைப் படித்தவர்கள், சுவரில் ஐகொளெயையும் மலகித்தியையும் மறக்கவில்லை. அதற்குக் கல்லும் ஒரு காரணம். இரண்டு ஊரிலும் மணற்கல் என்பதால், காஞ்சியில் கண்ட ஒரு வேலைப்பாட்டைப் பட்டடக்கல்லில் செய்துபார்க்க உளியையோ கைப்பழக்கத்தையோ மாற்ற வேண்டியிருக்கவில்லை. பாதாமிக் கல் பிடிப்பு மிகுந்தது என்பதால், காஞ்சியில் தொடங்கியதை இங்கே இன்னும் கூர்மையாக முடிக்கவும் முடிந்தது.

செய்தவர்கள் யார்? கல்வெட்டு சொல்கிறது. கிழக்கு வாயிலில் இருக்கும் பழங்கன்னடக் கல்வெட்டின்படி, மூன்று முறை காஞ்சியை வென்ற விக்கிரமாதித்தனின் தேவி லோகமகாதேவியின் கோயிலைக் கட்டியவன் சூத்திரதாரி, அதாவது தலைமைக் கட்டடக் கலைஞன், குண்டன் அனிவாரிதாசாரி. அவனுக்குத் திரிபுவனாசாரி என்ற பட்டம் வழங்கினார்கள். மூவுலக ஆசாரி! இன்னொரு கல்வெட்டு சர்வசித்தி ஆசாரியைத் தென்திசையின் சூத்திரதாரி என்று போற்றுகிறது. இந்தத் தென்திசை பல்லவ நாட்டைக் குறிக்கும் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. தென்பாணிக் கட்டடக்கலையில் தேர்ந்த உள்ளூர் ஆசான் என்று கொள்வோரும் உண்டு. எப்படிக் கொண்டாலும், தெற்கின் வேலைமுறை அங்கே ஒரு தனிப் பெருமையாக மதிக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. அருகே உள்ள பாபநாதர் கோயிலில் தென்புறத்தைச் செய்தவன் ரேவடி ஓவஜ்ஜன் என்று பெயர் இருக்கிறது. அவனும் சர்வசித்தி ஆசாரியின் வழி வந்தவன். பட்டடக்கல்லுக்கு அருகில் உள்ள பழைய கல் வெட்டியெடுத்த களங்களிலும் சிற்பிகள் தங்கள் பெயர்களையும் சில தெய்வ உருவங்களையும் பாறையில் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பாபநாதர் கோயிலுக்கு விமானம் திராவிட பாணியில் இல்லை. வடக்கத்திய நாகர பாணிச் சிகரம். காடசித்தேசுவரர், ஜம்புலிங்கர், களகநாதர் கோயில்களும் அப்படியே. தெற்கும் வடக்கும் ஒரே வளாகத்தில், ஒரே செம்மணற்கல்லில் அருகருகே நிற்பதற்காகவே யுனெஸ்கோ 1987-இல் பட்டடக்கல்லை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. விருபாட்சர் கோயிலில் இன்றும் வழிபாடு நடக்கிறது.

மணற்கல்லின் விலை

இவ்வளவும் கொடுத்த கல் ஒரு விலையும் கேட்கிறது. மணிகளை ஒட்டவைக்கும் பசையை உளி எளிதாக அறுக்கிறது என்றால், மழையும் உப்பும் அறுக்கும். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் உப்பைச் சுமந்து வருகிறது. மேற்பரப்பில் நீர் ஆவியாகும்போது உப்பு படிகமாகிப் பருக்கிறது, மணிகளைத் தள்ளுகிறது. கெட்டியான மேல்தோல் ஒருமுறை விட்டுவிட்டால், உள்ளே இருக்கும் இளகிய கல் வேகமாக உதிரும். பாதாமிக் கல் இறுக்கமானது என்பதால் பெரும்பாலும் தாங்கி நிற்கிறது. காஞ்சிக் கல் இளையது. அதன் சிற்பங்கள் பலவற்றில் முகமே கரைந்துவிட்டது.

பல்லவர் பூசிய சுதையை அலங்காரம் என்று மட்டும் நினைத்தால் அதன் பாதி வேலையைத் தவறவிடுவோம். அது கல்லுக்குக் கவசம். சுண்ணம் ஈரத்தை உள்ளே அடைக்காமல் வெளியே விடும். தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். பின்னாளில் கைத்திறன் குறைந்தவர்கள் கனமாக அப்பிய சுதை, இராஜசிம்மன் காலச் சிற்பத்தின் நுட்பத்தைப் பல இடங்களில் மூடிவிட்டது உண்மைதான். அதற்காகச் சுண்ணத்துக்குப் பதில் சிமெண்டு வைத்தால் கேடு இன்னும் பெரிது. சிமெண்டு ஈரத்தை உள்ளே அடைக்கும். அதன் உப்பும் கல்லுக்குள் இறங்கும். பக்கத்துக் கல் பொடியும். மணற்கல் கோயிலைப் புதுப்பிக்கக் கிளம்பும் எவரும் முதலில் கற்க வேண்டியது இதுதான். பார்க்கப் போகும் நாமும் சிற்பத்தின் மேல் கை வைக்காமல், சாயாமல், எண்ணெயோ குங்குமமோ பூசாமல் வருவது, பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நின்றதற்கு நாம் செய்யும் சிறு மரியாதை.

சோழர் காலக் கல்வெட்டு கயிலாசநாதரைக் கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி என்று அழைக்கிறது. அந்தப் பெரிய கற்றளியைச் சோழர்கள் நன்றாகவே பார்த்திருந்தார்கள். சுற்றாலை, தளம் தளமாக ஏறும் விமானம், கோட்டங்களில் தெய்வ வடிவங்கள் என்று காஞ்சியில் கற்றவற்றை எடுத்துக்கொண்டு, கல்லை மட்டும் மறுபடி கருங்கல்லாக மாற்றினார்கள். 1010-இல் தஞ்சைப் பெரிய கோயில் நிறைவுற்றபோது, மணற்கல்லில் பழகிய வடிவம் கருங்கல்லில் நிலைபெற்றது. பல்லவரும் சாளுக்கியரும் மணற்கல்லில் செலவிட்ட அந்த நூற்றாண்டு இல்லாமல் தஞ்சைக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது. போர்களில் யார் வென்றார் என்ற கணக்கு 757-க்குள் இரு தரப்புக்குமே பொருளற்றுப் போயிற்று. சாளுக்கிய அரசையே இராஷ்டிரகூடர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் குண்டன் அனிவாரிதாசாரியின் வேலை அழியவில்லை; அது இன்னொரு மலைக்குப் போனது.

அந்த மலை எல்லோரா. இராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன், விருபாட்சரின் அமைப்பை மனத்தில் வைத்து, இந்த முறை எரிமலைக் குழம்பு இறுகிய கருநிறப் பசால்ட்டு மலையை மேலிருந்து கீழாக வெட்டச் சொன்னான். அடுக்கிக் கட்டிய மணற்கல் கோயிலை ஒற்றை மலையில் மீண்டும் செதுக்கியபோது கல்தச்சர்கள் எவற்றையெல்லாம் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)